மாறுகண் கப்பல்

பட்டறைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனவன் திரும்பி வருவானா மாட்டானா என்று போன வாரம் தோவாவோடு சேர்ந்து நீங்களும் கேட்டீர்கள். தெரியாது. கட்டிய மனைவிக்கே தெரியாதபோது எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

தெரிந்தது இவ்வளவுதான். தன் கையால் செய்துகொண்டிருந்த நார்மண்டி என்ற மரப் பொம்மைக் கப்பலின் மூக்கு வளைவு சரியாக வரவில்லை, பலகையைப் பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டும் என்று தோவாவின் கணவன் லுவோங் சொன்னான். பட்டறைக்காரரான மாமனார் ஹியெனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. மேசைமேல் கப்பல் பாதி முடிந்து நின்றது. அதற்கு மூன்று புகைபோக்கி. அசல் கப்பலில் முதல் இரண்டில்தான் புகை வரும். மூன்றாவது சும்மா பார்வைக்கு. பயணிகளின் நாய்களை அதற்குள் கட்டி வைத்திருந்தார்களாம்.

"நீயும் இந்த வீட்டுக்கு மூணாவது புகைபோக்கிதான்டா," என்றார் ஹியென். கூலியாட்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பவனிடம் சைகோனில் யாரும் சொல்லக் கூடாத வார்த்தை அது. லுவோங் உளியைத் துடைத்து வைத்தான். சாவியை வைத்தான். பைக்கை எடுத்துக்கொண்டு கடற்கரை ஊரான கோ காங்கில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். கொரியாவில் பெரிய கப்பல் கட்டும் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான் என்று அக்கம்பக்கத்தார் வழியாக ஒரு சேதி வந்தது. அவனும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. ரோஷத்தில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

மீதிக் கப்பலை ஹியெனும் ஆட்களும் முடித்தார்கள். இன்று மாலை அது பெட்டிக்குள் போக வேண்டும். பிரான்சில் ஒரு ஹோட்டல்காரர் முன்கூடத்தில் வைக்கக் கேட்டிருந்தார்.

தோவா காலையில் ஷட்டரைத் தூக்கினாள். ஒரு கையில் பிளாஸ்டிக் பையில் தொங்குகிற ஐஸ் காபி. விளக்கைப் போட்டாள். காபி கீழே விழுந்தது.

கப்பல் அவளைப் பார்த்தது.

கறுப்பு மூக்கின் வலது பக்கத்தில் ஒரு கண். வெள்ளை முழி, சிவப்பு வளையம், நடுவில் கறுப்புக் கருவிழி. ஓடிப்போய் அந்தப் பக்கம் பார்த்தாள். அங்கேயும் ஒன்று. ஆற்றில் போகும் அரிசிப் படகுகளுக்கு எழுதுவார்களே, அதே கண். அட்லாண்டிக் கடலைத் தாண்டிய சொகுசுக் கப்பலின் முகத்தில் மீகாங் ஆற்றுப் படகின் கண்!

"அப்பா! பாக்! ஓடி வாங்க!"

தம்பி பாக் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு வந்தான். பட்டறையின் வெளிநாட்டு வியாபாரம் முழுக்க அவன் கையில். கப்பலைப் பார்த்ததும் நுரையை விழுங்கிவிட்டான்.

"போச்சு! இன்னிக்கு வண்டி வருதுக்கா! ஹோட்டல்காரன்கிட்ட என்னன்னு சொல்றது? கப்பலுக்குக் கண்ணு முளைச்சிடுச்சுன்னா?"

ஹியென் கடைசியாக வந்தார். வந்தவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சேவல் வாயை மூடிக்கொண்டது.

"அவன்தான்! வேற யாரு! கோ காங்காரன் புத்தியைக் காட்டிட்டான்! என் சோத்தைத் தின்னுட்டு என் கப்பல்லயே கை வெச்சிருக்கான் பாரு!"

"சாவி இங்கதான்ப்பா இருக்கு," என்றாள் தோவா. லுவோங் விட்டுப் போன சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"வேற சாவி வெட்டி வெச்சிருப்பான்."

"பூட்டைத் திறந்திருந்தா நாய் குரைச்சிருக்குமே?"

"அவன் போட்ட சோத்தைத் தின்ன நாய் அவனைப் பார்த்துக் குரைக்குமா? போடி!"

அதுவும் சரிதான். தோவாவுக்குத் தலை சுற்றியது. லுவோங் வந்திருக்கிறான். இந்த வீட்டுக்குள், அவள் படுத்திருந்த அறைக்கு நேர் கீழே, அவன் நின்று கண் எழுதியிருக்கிறான். எழுதிவிட்டு மாடிப்படி ஏறாமல் போயிருக்கிறான். பழிவாங்க வந்தானா? விடைபெற வந்தானா? நெஞ்சுக்குள் ஒரு பக்கம் இனித்தது, இன்னொரு பக்கம் எரிந்தது.

வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். சன்னல் வட்டங்களைத் துளைக்கிற மான் அக்கா கூடையை வைத்துவிட்டுக் கப்பலைச் சுற்றி வந்தாள். அவளுக்கும் கடற்கரை ஊர்தான். அவள் அண்ணன்மார் எல்லாம் மீன் பிடிக்கிறவர்கள்.

"ஏம்மா தோவா, இது என்ன மாறுகண்ணா இருக்கு?"

"மாறுகண்ணா?"

"வலது கண்ணு நேரா பாக்குது பாரு. தூரம் போற படகுக்கு அப்படித்தான் எழுதுவாங்க. இடது கண்ணு கீழ பாக்குது. அது கரையோரம் மீன் புடிச்சுட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுற படகுக்கு. ரெண்டையும் ஒரே மூஞ்சில எவன் எழுதுவான்? லுவோங் குடிச்சிருந்தானா?"

"அவர் குடிக்க மாட்டார்."

"அப்ப உன்கிட்ட கேட்டானா?"

"என்ன கேக்கணும்?"

"எங்க பக்கம் கண்ணை எழுதுறது ஆம்பள. ஆனா கருவிழி எங்க பாக்கணும்னு வீட்டுக்காரியைத்தான் கேப்பாங்க. கரையில நின்னு வழி பாக்கப் போறது அவதானே? உன்னைக் கேட்டானா?"

"இல்ல," என்றாள் தோவா. ஒரு கண் போகிறேன் என்கிறது, ஒரு கண் வருகிறேன் என்கிறது. இவள் எதை நம்புவது? கேட்காமலே போவதென்று முடிவு செய்தவன் எதற்காக இன்னொரு கண்ணை வீட்டுப் பக்கம் திருப்ப வேண்டும்?

பாக்குக்கு இந்த வேதனையெல்லாம் இல்லை. கறுப்பு பெயின்ட் டப்பாவையும் உப்புத்தாளையும் கொண்டுவந்தான்.

"தேய்ச்சு மேல ஒரு கோட் அடிச்சா முடிஞ்சுது. நகருங்க."

மான் அக்கா டப்பாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "தம்பி, திறந்த கண்ணைக் குத்துறதா? தொட்டே, நான் இப்பவே கூடையை எடுத்துட்டுக் கிளம்பிடுவேன்."

"மரப் பொம்மைக்கா!"

"கண்ணு திறக்குற வரைக்கும்தான் பொம்மை. கப்பல் உடம்பைச் செஞ்ச கைதான் கண்ணை அழிக்கலாம். வேற யார் தொட்டாலும் ஆகாது."

மற்ற ஆட்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர்கூட உப்புத்தாளைத் தொடத் தயாராக இல்லை. பாக் அப்பாவைப் பார்த்தான். அதட்டி வேலை வாங்குவார் என்று எதிர்பார்த்தான்.

ஹியென் காதைக் குடைந்தார். "செஞ்ச கைதான் அழிக்கணும்னா செஞ்சவனைக் கூப்பிடுங்க. எனக்கென்ன? நான் கூப்பிட மாட்டேன்." சொல்லிவிட்டுக் கடைக்குள் போய் ரேடியோவைத் திருகினார்.

காலையில் அப்படிக் குதித்த மனிதர் இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்தது தோவாவுக்குப் புரியவில்லை. புரியாதவை ஏற்கெனவே நிறைய இருந்ததால் இதையும் அதோடு சேர்த்து வைத்தாள்.

யார் கூப்பிடுவது? தோவா போனை எடுத்தாள், வைத்தாள். என்னவென்று பேசுவது? ஏன் மாடிக்கு வரவில்லை என்றா? எந்தக் கண் உண்மை என்றா? அவள் வராந்தாவுக்கும் பட்டறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் பாக் இரண்டு காரியம் செய்தான். இரண்டையும் நல்ல எண்ணத்தில்தான் செய்தான்.

முதல் காரியம்: பெட்டிக்குள் வைக்கிற வெள்ளை மல் துணியைக் கிழித்துக் கப்பல் மூக்கைச் சுற்றிக் கட்டினான். ஆட்கள் திரும்பி வரும்போது அந்தக் கண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தூசியும் படாது. இரண்டாவது: அதைப் போட்டோ எடுத்து லுவோங்குக்கு அனுப்பினான். 'உடனே வாங்க' என்று மட்டும் எழுதினான்.

சைகோனிலேயே பிறந்து வளர்ந்த பையன். படகு என்றால் அவனுக்கு விலைப்பட்டியலில் வருகிற படம்தான்.

சாப்பிட்டுவிட்டு வந்த மான் அக்கா வாசலிலேயே நின்று வாயில் அடித்துக்கொண்டாள். "ஐயையோ! யாரு செத்தது?"

"யாரும் சாகலையே?" என்றான் பாக்.

"அப்ப எதுக்குடா கண்ணுல வெள்ளைத் துணி? படகுக்காரன் செத்தாத்தான்டா படகுக்குக் கண்ணைக் கட்டுவாங்க! அதுக்கும் துக்கம்டா! அவிழ்டா முதல்ல!"

பாக்கின் முகம் வெளுத்தது. போனை எடுத்துக் காட்டினான். "அக்கா... நான் இதைத்தான் மச்சானுக்கு..."

தோவா தம்பி கையிலிருந்த போனைப் பிடுங்கிப் பார்த்தாள். வெள்ளைத் துணி கட்டிய கப்பல். உடனே வாங்க. கோ காங்கில் பிறந்தவன் அதைப் பார்த்தால் என்ன நினைப்பான்? பட்டறைக்கு உரியவர் ஹியென். அவர் போய்விட்டார் என்றுதான் நினைப்பான்.

தன் போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். லைன் பிஸி. மறுபடி கூப்பிட்டாள். பிஸி. பாவம், அந்தப் பக்கம் அவன் அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அப்புறம் மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. பைக்கில் ஏறியிருப்பான்.

"வரட்டும் விடு," என்றார் ஹியென். அவருக்கு என்னவோ முகம் தெளிந்திருந்தது. "செத்தாலாவது வர்றானான்னு பாப்போம்."

"என்னப்பா பேசுறீங்க!"

"பசிக்குது. ஹூ தியூ நூடுல்ஸ் சூப்பு வாங்கிட்டு வரச் சொல்லு. நண்டு போட்டு."

மழை பிடித்துக்கொண்டது. தோவா ஷட்டர் ஓரம் நின்று தெருவைப் பார்த்தாள். அவன் வருகிறான், சரி. ஆனால் செத்தவருக்காக வருகிறான். செத்தவர் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டால் அடுத்து என்ன செய்வான்? சிரிப்பானா, திரும்பிப் போவானா? வர வேண்டும் என்று நினைத்தாள். வந்து இப்படி அவமானப்பட வேண்டாமே என்றும் நினைத்தாள். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல், உள்ளே அம்மா படத்துக்கு முன்னால் ஒரு ஊதுவத்தி மட்டும் ஏற்றி வைத்தாள்.

பைக் சத்தம் கேட்டது.

லுவோங் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடி வந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் நனைந்த ஊதுவத்திக் கட்டு. தலையில் சாவுக்குக் கட்டுகிற வெள்ளைத் துணி. மருமகன் கட்டுகிற சின்னத் துண்டு அல்ல. மகன் கட்டுவது, முடிச்சிலிருந்து இரண்டு வால் முதுகு வரை தொங்கி, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா!" என்று அலறிக்கொண்டு உள்ளே வந்தான். கப்பல் மேசைக்கு முன்னால் முழங்கால் மடிந்து விழுந்தான். நெற்றி தரையில் பட்டது. "அப்பா, என்னை மன்னிச்சுடுங்க, நான் கோபத்துல போயிட்டேன், ஒரு வார்த்தை பேசாம..."

மேசைக்கு அந்தப் பக்கம் ஹியென் நூடுல்ஸை உறிஞ்சிய வாயோடு அப்படியே உறைந்து உட்கார்ந்திருந்தார். ஒரு நூடுல்ஸ் தாடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

லுவோங் தலையைத் தூக்கினான்.

மான் அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நொடி அவளே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"உட்காருடா," என்றார் ஹியென். "நனைஞ்சிருக்கே."

லுவோங் எழுந்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். காது மடல் சிவந்தது. "என்னை வரவழைக்க வேற வழி தெரியலையா உங்களுக்கு? சாவு நாடகமா? வழியெல்லாம் அழுதுட்டு வர்றேன். எங்கம்மா அங்க உங்களுக்காக விளக்கு ஏத்தி வெச்சுட்டு உக்காந்திருக்கா!"

"மச்சான், நான் தூசி படக் கூடாதுன்னுதான்..." என்று பாக் தொடங்கினான்.

"போதும்." அவன் வாசல் பக்கம் திரும்பினான்.

தோவா குறுக்கே போய் நின்றாள். காலையிலிருந்து உள்ளே கிடந்ததெல்லாம் ஒரே கேள்வியாக வெளியே வந்தது. "என்கிட்ட கேக்காம ஏங்க கண்ணு எழுதினீங்க?"

"எந்தக் கண்ணு?"

"அந்தக் கண்ணுதான்! ஒண்ணு போறேங்குது, ஒண்ணு வர்றேங்குது. நான் காலைலேர்ந்து பைத்தியம் மாதிரி அலையறேன்!"

அவன் அவளை விழித்துப் பார்த்தான். பிறகு கப்பலிடம் போய்த் துணியை அவிழ்த்தான். கண்ணே இல்லாத கப்பலுக்கு எதற்குத் துணி என்று வழியில் ஒரு தடவைகூட அவனுக்குத் தோன்றவில்லை. அந்தப் பதற்றத்தில் யாருக்குத் தோன்றும்? இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். நகத்தால் சிவப்பு வளையத்தைச் சுரண்டினான்.

"இதை நான் எழுதலை. எங்க ஊர்ல சின்னப் பசங்ககூட இப்படி மாறுகண் எழுத மாட்டாங்க." நகத்தை விளக்கில் காட்டினான். "படகுச் சிவப்பும் இல்ல இது. இது புகைபோக்கிச் சிவப்பு."

எல்லாரும் ஹியென் பக்கம் திரும்பினார்கள். நார்மண்டி புகைபோக்கியின் சிவப்பை ஹியென் ஒருவர்தான் கலப்பார். கலந்து, தகர அலமாரியில் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் போட்டுக்கொள்வார். பெற்ற மகனுக்குக்கூட அந்தக் கலவையைச் சொன்னதில்லை.

தோவா அப்பாவின் கையைப் பார்த்தாள். கரண்டி பிடித்திருந்த விரலின் நகக் கண்ணில் சிவப்பாக ஒரு கோடு.

"அப்பா!"

"சூப்பு ஆறிப்போச்சு," என்றார் ஹியென்.

"காலைல அந்தக் கத்து கத்தினீங்களே!"

"கத்தாம இருந்தா நான்தான்னு கண்டுபிடிச்சிருப்பீங்களே."

பாக் தலையில் கை வைத்துக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். லுவோங் மட்டும் மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு போன் பண்ணியிருக்கலாமேப்பா."

"பண்ணி? நீ எடுக்கலைன்னா?" அவர் குரல் கரகரத்தது. "அழிக்கணும்னா செஞ்ச கைதான் அழிக்கணும்னு நீதான் ஒரு நாள் சொன்னே. அதான் உனக்கு ஒரு வேலை வெச்சேன். பார்வை விஷயம் எனக்குத் தெரியாது. ரெண்டு கண்ணு எழுதினேன், அவ்வளவுதான்."

எழுந்து வந்தார். மருமகனுக்குப் பின்னால் போய் நின்று, நனைந்து இறுகிய முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நேரம் பிடித்தது. லுவோங் குழந்தைபோலக் குனிந்து கொடுத்தான்.

"மகன் கட்டுற மாதிரி கட்டியிருக்கே," என்றார், துணியைப் பிழிந்து மடித்துக்கொண்டே. "இதை நான் பத்திரமா வெச்சிருக்கேன். நேரம் வரும்போது நீதான் கட்டணும்." கொஞ்சம் நின்றார். "அந்த மூணாவது புகைபோக்கியை எடுத்துட்டா நார்மண்டியை எவன்டா நார்மண்டிம்பான்? அது எனக்குத் தெரியாதா? வாய் முந்திக்கிச்சு."

மன்னிப்பு என்றால் ஹியென் வீட்டில் அவ்வளவுதான் கிடைக்கும். தோவாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதற்கு மேல் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும், லுவோங்குக்கும் தெரியும்.

வெளியே வண்டி ஹார்ன் அடித்தது. பாக் எழுந்தான். "பெட்டி வண்டி வந்தாச்சு. இப்ப அழிக்கிறதா, என்ன செய்யறது?"

"திருப்பி அனுப்பு," என்றார் ஹியென். "கண்ணு திறந்த கப்பலை விக்கிறதில்ல. வேற ஒண்ணு செஞ்சு தர்றோம்னு ஹோட்டல்காரனுக்கு எழுது. இந்தத் தடவை மூக்கு வளைவு சரியா இருக்கும்னும் எழுது."

"யாரு செய்வா?"

எல்லாருடைய பார்வையும் ஒரே ஆள்மேல் போய் நின்றது.

லுவோங் சட்டைப் பையிலிருந்து நனைந்த உறையை எடுத்தான். பாஸ்போர்ட்டையும் மடித்த தாளையும் உலரட்டும் என்று மேசைமேல் பிரித்து வைத்தான். கொரியாவுக்கு விமான டிக்கெட். "ஞாயித்துக்கிழமை," என்றான் மெதுவாக. "சொல்லணும்னுதான் இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

ஹியென் ரேடியோ இருந்த பக்கம் போய்விட்டார். மான் அக்கா ஆட்களை ஓட்டிக்கொண்டு வெளியே போனாள். பாக் வண்டிக்காரனோடு மழையில் நின்று பேசினான்.

தோவா அடுப்பங்கரைக்குப் போனாள். என்ன செய்வதென்று தெரியாதபோது சோறு போடுவதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியாது. இருந்த சூப்பைச் சுடவைத்தாள். கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. அழுகையும் பாதியில் நின்றுவிட்டது. இவ்வளவு நாள் அப்பாவின் ஒரு வார்த்தைதான் அவனைத் துரத்தியது என்று நினைத்திருந்தாள். அந்த வார்த்தை இன்று கழன்றுவிட்டது. டிக்கெட் மட்டும் அப்படியே இருக்கிறதே! அப்படியானால் அவன் கோபத்தில் மட்டும் போகவில்லையா? கல்யாணமான புதிதில் துறைமுகத்துக்குக் கூட்டிப் போய், நிஜக் கப்பலின் இரும்பு உடம்பைக் காட்டி, 'இதுல ஒரு பலகையாவது என் கையால வெக்கணும்' என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் அப்போது சிரித்தாள். 'இரும்புல பலகை ஏதுங்க?' என்று கேட்டாள்.

கிண்ணத்தோடு திரும்பி வந்தபோது லுவோங் கப்பல் மூக்கின்மேல் குனிந்திருந்தான். அவன் கையில் உப்புத்தாள் இல்லை. டர்பன்டைன் நனைத்த பஞ்சு இருந்தது. இரண்டு கருவிழியையும் துடைத்து எடுத்துவிட்டிருந்தான். சிவப்பு வளையத்துக்குள் வெறும் வெள்ளை முழி மட்டும் அவளைப் பார்த்தது, அல்லது பார்க்கவில்லை.

"அழிக்கிறீங்களா?"

"இல்ல. தப்பா எழுதியிருந்ததைத் துடைச்சேன்." மெல்லிய தூரிகையைக் கறுப்பில் தோய்த்து அவளிடம் நீட்டினான். "முதல்லயே உன்னைக் கேட்டிருக்கணும். மனுப் போடும்போதே கேட்டிருக்கணும். கேக்கலை. இப்பக் கேக்கறேன். எங்க பாக்கணும், தோவா? நீ சொல்றதுதான்."

"நான் கீழ பாக்கட்டும்னு சொன்னா?"

"அந்தத் தாளைக் கிழிச்சுடுவேன்."

"கிழிச்சுட்டு?"

"மூக்கு வளைவை ஒழுங்கா செய்வேன்," என்றான். சிரிக்க முயன்றான். அந்தச் சிரிப்பில் துறைமுகத்தில் பார்த்த முகத்தை அவள் தேடினாள்.

காலையிலிருந்து அவளுக்கு எந்தக் கண் வேண்டும் என்பதில் மட்டும் சந்தேகமே இருந்ததில்லை. இப்போது தூரிகை தன் கைக்கு வந்த பிறகு அதுவும் குழம்பிவிட்டது.

கிண்ணத்தை டிக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். தூரிகை நுனியில் கறுப்பு திரண்டு, சொட்டுவதற்குக் காத்திருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் அதுவே எங்காவது விழுந்துவிடும்.

தோவா, காலையில் தூரம் பார்த்துக்கொண்டிருந்த வலது கண்ணுக்கு நேராகக் கையைக் கொண்டுபோனாள்.